30 மீட்டர் டிரைவ்வேயில் டிராக் லாஞ்ச் பழக முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வீட்டு டிரைவ்வேயைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறீர்கள். நேராக 30 மீட்டர் கிடைக்கிறது. கார் ரியர் வீல் டிரைவ், மேனுவல் கியர், ஏறத்தாழ 1500 கிலோ. அவ்வப்போது டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் டிராக் ரேஸ் (drag race) நடக்கும் ஓடுதளத்துக்கு, போய் ஓட்டுகிறீர்கள். லாஞ்சை, அதாவது நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் புறப்படுவதை, மட்டும் வீட்டிலேயே பழகும்படி தளத்தை எப்படிப் போடுவது, எவ்வளவு கனம் வேண்டும், டயர் பிடிக்க ஸ்ட்ரிப்பில் தெளிக்கும் பசையை இங்கேயும் தெளிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கனத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது இதில் சின்ன விஷயம். பெரிய விஷயங்கள் இரண்டு: நீளம், பிடிப்பு. இந்த இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், வீட்டுத் தளத்தில் ஓட்டுநரைப் பழக்கலாம், காரை ட்யூன் செய்ய முடியாது என்பது தெரிந்துவிடும். அதை ஏற்றுக்கொண்டால் தளத்தை வேறு மாதிரி போடுவீர்கள், செலவும் குறையும்.

முதலில் நீளம். ஸ்ட்ரிப்பில் லாஞ்சை அளப்பது முதல் 60 அடியில், அதாவது 18.3 மீட்டரில். நல்ல டயர் போட்ட தெருக் கார் ஒன்று பசை தெளித்த தளத்தில் அதை 2 விநாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 அடி முடியும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அங்கே காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி ஆனால் அதற்குள் 17 மீட்டர் போய்விடும். காய்ந்த கான்கிரீட்டில் நன்றாக பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 55 மீட்டர். காரின் நீளமும், ஏதாவது தவறினால் வேண்டிய ஒதுக்கமும் இதில் சேரவில்லை. முழு 60 அடி பழக வேண்டுமானால் 100 மீட்டர் நேர் பாதைக்குக் குறைந்து நான் யாருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். உங்கள் 30 மீட்டரில் அது நடக்காது.

ஆனால் 5 மீட்டர் லாஞ்ச் நடக்கும். புறப்பட்டு 5 மீட்டரில் காலை எடுத்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், வேகம் அதிகம் போனால் மணிக்கு 30 கிலோமீட்டர். நிறுத்துவதற்கு இன்னும் 10 மீட்டர் போதும். கார் நிற்கும் இடம் 4.5 மீட்டரையும் கூட்டினால் 20 மீட்டர் ஆகிறது, கடைசி 10 மீட்டர் ஒதுக்கமாக மிஞ்சும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கி, பின்பக்கம் அமுங்கி, டயர் பிடிக்குமா சுழலுமா என்று தெரியும் அந்தக் கணம் இந்த 5 மீட்டருக்குள்ளேயே வந்துபோய்விடுகிறது. அதனால் நஷ்டம் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை.

அடுத்தது பிடிப்பு. மேலே சொன்ன 2 விநாடி லாஞ்சுக்குக் கார் 0.7 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு) அளவில் முடுக வேண்டும். ஸ்ட்ரிப்பில் பசை தெளித்து, அதன்மேல் ரப்பரை இழுத்துப் படியவைத்து, வரும் கார்களெல்லாம் பர்ன் அவுட் போட்டு (நின்ற இடத்திலேயே டயரைச் சுழற்றிச் சூடேற்றி) இன்னும் ரப்பர் ஏற்றிய தளம் அதைத் தரும். வீட்டில் கூட்டிப் பெருக்கிய வெறும் கான்கிரீட்டில், எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி உள்ள ரியர் வீல் டிரைவ் காருக்கு என் கணக்கில் 0.5 ஜி கூடத் தேறாது. அதே கார், அதே ஓட்டுநர், 60 அடிக்கு இரண்டரை விநாடி. ஆகவே வீட்டில் 2500 ஆர்.பி.எம்.மில் டயர் சுழல்கிறது என்று கற்றுக்கொண்டு ஸ்ட்ரிப்புக்குப் போனால், அங்கே அதே 2500-ல் டயர் கெட்டியாகப் பிடித்து இன்ஜின் முக்கி அடங்கும். ஆர்.பி.எம்., கிளட்ச்சை விடும் வேகம், டயர் காற்றழுத்தம், ஷாக் அப்சார்பர் செட்டிங் எதுவும் வீட்டிலிருந்து அங்கே கொண்டுபோகும் சரக்கு அல்ல.

சரி, எதைக் கொண்டுபோகலாம்? ஸ்டேஜிங்கும் ரியாக்‌ஷனும். முதலாவது காரைப் புறப்படும் கோட்டில் சரியாக நிறுத்துவது, இரண்டாவது பச்சை விளக்குக்குப் பிறகு சக்கரம் நகரும்வரை ஆகும் நேரம். இவை இரண்டும் பசையைச் சார்ந்தவை அல்ல, பெரும்பாலான புது ஓட்டுநர்கள் பந்தயத்தைக் கோட்டை விடுவதும் இங்கேதான். பச்சை விளக்குக்குப் பிறகு நீங்கள் தூங்கிய நேரம் 60 அடிக் கணக்கில் வராது, எதிராளியின் கணக்கில்தான் வரும். ஸ்ட்ரிப்பில் முன்சக்கரம், தளத்துக்குக் குறுக்கே போகும் இரண்டு ஒளிக்கதிர்களில் முதலில் ப்ரீ-ஸ்டேஜ் கதிரை மறைக்கும், 7 அங்குலம் தள்ளி ஸ்டேஜ் கதிரை மறைக்கும். அந்த 7 அங்குலத்துக்குள் காரை ஊர்ந்து கொண்டுவந்து ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துவது கிளட்ச் கால் கற்க வேண்டிய வித்தை. ஸ்டேஜ் கதிரை மெல்லத் தொட்டு நின்றால் புறப்படும்போது சக்கரம் கதிரை விட்டு விலகக் கொஞ்ச தூரம் உருள வேண்டும். இன்னும் உள்ளே தள்ளி நின்றால் அந்த உருட்டு குறையும், ரியாக்‌ஷன் நேரம் சின்னதாகத் தெரியும், ஆனால் சிவப்பு விளக்கு வாங்கும் (பச்சைக்கு முன்பே புறப்பட்டுத் தோற்கும்) ஆபத்து கூடும். இதைப் படித்து வராது, நூறு முறை ஊர்ந்து நின்றால்தான் வரும். அதற்கு வீட்டுத் தளத்தைவிட நல்ல இடம் இல்லை. சத்தமும் இல்லை, டயரும் தேயாது.

விளக்குக் கம்பம், அதாவது கிறிஸ்மஸ் ட்ரீ, 1963-ல் பந்தயத்துக்கு வந்தது. அதற்கு முன் கொடி அசைத்துத்தான் விட்டார்கள். சாதாரணப் பிரிவில் மூன்று மஞ்சள் விளக்குகள் 0.5 விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை வரும். தொழில்முறைப் பிரிவுகளின் ப்ரோ ட்ரீயில் மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும். பச்சையைப் பார்த்துப் புறப்படுபவர் ஏற்கெனவே தாமதம். கடைசி மஞ்சளிலேயே கால் அசைய வேண்டும். வீட்டில் பழக எல்.இ.டி. பயிற்சி ட்ரீ கிடைக்கிறது. அதோடு முன்சக்கர உயரத்துக்கு இரண்டு ஜோடி அகச்சிவப்பு சென்சாரை 7 அங்குல இடைவெளியில் வைத்துவிட்டால் ரியாக்‌ஷன் பயிற்சிக்கு வேறு எதுவும் வேண்டாம். நீங்கள் ஓட்டும் ஸ்ட்ரிப்பில் ட்ரீ எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் கண்ணில் படுகிறதோ, வீட்டிலும் அப்படியே வையுங்கள். கண் அந்த இடத்துக்குப் பழக வேண்டும்.

இப்போது தளத்துக்கு வருவோம். கனத்தைப் பற்றிய பயம் ஏன் தேவையில்லை என்றால், 0.7 ஜி லாஞ்சில் உங்கள் கார் தளத்தைப் பின்னால் தள்ளும் விசை ஏறத்தாழ 1100 கிலோ எடைக்குச் சமம். பின்சக்கரங்களுக்கு மாறும் கூடுதல் எடை 200 கிலோ போல. அவசர பிரேக் பிடிக்கும்போதும் தளத்துக்கு இதே மாதிரி அடிதான் விழுகிறது. சரக்கு ஏற்றிய லாரி ஒன்று வந்து திரும்பினால் இதைவிடப் பல மடங்கு சுமை இறங்கும். வழக்கமான 100 மி.மீ. கான்கிரீட்டே இதைத் தாங்கும். ஆனாலும் கார் நின்று புறப்படும் முதல் 7 மீட்டருக்கு மட்டும் 150 மி.மீ. போடச் சொல்வேன். அடி விழுவது எப்போதும் ஒரே இடத்தில் என்பதால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் தாராளம் தகும். அதற்குமேல் கனம் கூட்டுவது பணத்தைப் புதைப்பது.

கனத்தைவிட அடித்தளம் முக்கியம். மேல்மண்ணை எடுத்துவிட்டு 100 முதல் 150 மி.மீ. சரளை பரப்பி, ஈரம் காட்டி, ரோலர் அல்லது பிளேட் காம்பாக்டர் ஓட்டி இறுக்குங்கள். தளம் வெடிப்பது பெரும்பாலும் கீழே மண் இறங்குவதால்தான். கலவை 30 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) அழுத்த வலிமைக்குக் கேளுங்கள். 10 மி.மீ. கம்பியை 30 செ.மீ. இடைவெளியில் இரு பக்கமும் கட்டி, கவர் பிளாக் வைத்துத் தளத்தின் பாதிக் கனத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி தூக்கி வையுங்கள். கம்பியைத் தரையிலேயே கிடத்தி, கலவை கொட்டிய பிறகு கொக்கியால் தூக்கிவிடலாம் என்பார்கள். தூக்குவதும் உண்டு, அடுத்தவர் மேலே மிதித்து மறுபடி கீழே அனுப்புவதும் உண்டு.

லாஞ்சுக்கு உண்மையில் முக்கியமானது மேல்தோல், கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர். இதைக் கெடுப்பது பெரும்பாலும் வேலை முடியும் நேரத்தில்தான். கலவை கொட்டி மட்டப்பலகை இழுத்ததும் கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து பளபளக்கும். அந்த ஈரம் தானாக மறையும்வரை யாரும் கரணையைத் தொடக் கூடாது. தண்ணீர் நிற்கும்போதே தேய்த்தால் அந்தத் தண்ணீர் மேல் அடுக்குக்குள்ளேயே கலந்து, காய்ந்த பிறகு மாவாக உதிரும். அதைவிட மோசம், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேலே வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். நாலு லாஞ்சில் டயர் அதைத் தோல் தோலாக உரித்தெடுத்துவிடும். கொத்தனாரிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள், வேலை நடக்கும்போது சொன்னால் சண்டைதான் வரும்.

ஈரம் மறைந்து, கட்டைவிரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் மட்டும் பதியும் பதம் வந்ததும் ஒருமுறை தேய்த்துவிட்டு, மெல்லிய துடைப்பத்தை ஒரே சீராகக் குறுக்குவாக்கில் இழுக்கச் சொல்லுங்கள். கோடுகள் கார் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். ஸ்ட்ரிப் தளம் வழவழப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே பிடிப்பைத் தருவது கான்கிரீட் அல்ல, அதன்மேல் ஏறிய ரப்பரும் பசையும். வெறும் தளத்தை வழவழப்பாக விட்டால் தூசியிலும் மழையிலும் வழுக்கும். அதற்காக ஆழமான வரிப்பள்ளமும் வேண்டாம், டயரைச் சீவும்.

குறைந்தது ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட்டோ பிளாஸ்டிக் விரித்தோ ஈரமாக வைத்திருங்கள். மெழுகு கலந்த க்யூரிங் திரவம் தெளித்தால் வேலை மிச்சம்தான், ஆனால் அதன் படலம் தேயும்வரை வழுக்கும். காரை ஏற்ற ஒரு வாரம், பத்து நாள் போதும். லாஞ்சுக்கு 28 நாள் பொறுங்கள்.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 3 மீட்டர் தளத்தில் 1.8 மீட்டர் அகலக் கார் நின்றால் இரு பக்கமும் 60 செ.மீ. மிஞ்சும். பின்பக்கம் இழுத்துக் கார் வெறும் 5 டிகிரி திரும்பினாலே 18 மீட்டரில் 1.6 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும், 5 மீட்டரில் 40 செ.மீ.க்கு மேல். லாஞ்ச் பகுதியாவது 5 மீட்டர் அகலம் இருக்கட்டும். பக்கத்தில் தூண், மரம், தொட்டி எதுவும் வேண்டாம். 5 மீட்டர் அகலம் என்றால் நடுவே நீளவாக்கில் ஒரு ஜாயிண்ட் (வெடிப்பு அங்கேயே விழும்படி வெட்டும் கோடு) வேண்டும்; அது காரின் வயிற்றுக்கு அடியில் போகும், டயர் தொடாது. குறுக்கே மூன்றரை மீட்டருக்கு ஒன்று. மறுநாளே கட்டர் வைத்துக் கனத்தில் கால்பங்கு ஆழம் வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடித்துக்கொள்ளும். பின்சக்கரம் நின்று புறப்படும் இடத்தைப் பார்த்து அளந்து, அந்த இடம் ஒரு பலகத்தின் நடுவில் வரும்படி ஜாயிண்டைத் தள்ளிப் போடுங்கள். ஜாயிண்ட் விளிம்பின்மேல் டயர் சுழன்றால் விளிம்பு பொரிந்துவிடும்.

வாட்டம் 1 சதவீதம் போதும், அதாவது மீட்டருக்கு 1 செ.மீ. வழக்கமாகப் பக்கவாட்டில் வாட்டம் விடுவார்கள். இந்தத் தளத்துக்கு நான் நீளவாக்கையே சொல்வேன். டயர் சுழலும்போது பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடுகிறது, அப்போது பின்பக்கம் சரிவான பக்கம் நழுவும். நீளவாக்கில் லேசான ஏற்றமாகப் புறப்பட்டால் நேரம் 0.02 விநாடி போல மாறும். வீட்டு நேரத்தை வீட்டு நேரத்தோடு மட்டும் ஒப்பிடப்போகிறீர்கள் என்பதால் அது பாதகமில்லை. ஏற்றம் பிரேக்குக்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

தார் போடலாமா என்றால், மீதி 23 மீட்டருக்குப் போடலாம், லாஞ்ச் இடத்துக்கு வேண்டாம். வெயிலில் இளகும், நின்ற இடத்தில் டயர் சுழன்றால் ஜல்லியைப் பெயர்க்கும், பெட்ரோலோ ஆயிலோ சொட்டினால் கரையும். கான்கிரீட்டும் தாரும் சேரும் இடத்தில் தார் இறங்கிப் படி விழாதபடி அடியை நன்றாக இறுக்க வேண்டும். பேவர் பிளாக் பேச்சே வேண்டாம், நகர்ந்துவிடும்.

பசை விஷயம். வி.எச்.டி. போன்றவை பிசின் வகை. எரியக்கூடிய கரைப்பானில் கலந்து தெளிப்பார்கள். ஸ்ட்ரிப்பில் பந்தய நாள் முழுக்க ஆள் வைத்துச் சுரண்டி, தெளித்து, ரப்பர் இழுத்துப் பராமரிக்கிறார்கள். வீட்டில் ஒருமுறை தெளித்தால் மறுநாளே தூசி படிந்து வீணாகும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், நாயின் பாதத்தில் ஒட்டும், மழைநீரோடு வடிகாலுக்குப் போகும். தெளிக்காதீர்கள். தளத்தைக் கழுவிக் காயவிட்டுப் பெருக்கினால் போதும். அக்ரிலிக், எபாக்ஸி சீலரும் வேண்டாம். வழுக்கும், சூடான டயர் அதைப் பிடுங்கிக்கொண்டும் வரும். கறை படியாமலிருக்க வேண்டுமானால் உள்ளே ஊறும் சிலேன் வகை சீலர் அடியுங்கள், அது மேலே படலம் விடாது. வீட்டில் பர்ன் அவுட்டும் வேண்டாம், அக்கம்பக்கத்தாரோடு உறவு முறிய அது ஒன்றே போதும்.

நான் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று: உங்கள் 30 மீட்டரின் இரு முனையிலும் என்ன இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் ஒரு முனை தெரு, மறுமுனை கராஜ் சுவர். தெருவைப் பார்த்து லாஞ்ச் செய்யவே கூடாது, கேட்டை மூடிவிட்டுக்கூட. கேட் காரை நிறுத்தாது. சுவரைப் பார்த்தும், அதற்குப் பின்னால் யாராவது இருக்கக்கூடிய அறை என்றால் கூடாது. வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் திறந்த வெளிக்குப் பாதை போகிறது என்றால் மட்டும் அந்தத் திசையில் 5 மீட்டர் லாஞ்ச் பழகுங்கள். இல்லையென்றால் ஸ்டேஜிங், ரியாக்‌ஷன், ஐடிலில் கிளட்ச் விட்டு அரை மீட்டர் நகர்வது, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் கை நேராகப் போய் இன்ஜினை அணைக்க வேண்டும். கில் சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழகுங்கள். பிடிப்பு குறைந்த தளத்தில் டயர் சுழன்று, பிடித்து, மறுபடி சுழன்று பின்பக்கம் குதிக்கத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். ஆக்ஸிலும் யுனிவர்சல் ஜாயிண்டும் உடைவது அந்தக் குதிப்பில்தான். காருக்கு முன்னாலோ பின்சக்கரத்துக்கு நேராகவோ ஆள் நிற்கக் கூடாது, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கராஜுக்குள் கதவை மூடி இன்ஜினை ஓடவிடவே கூடாது. பந்தயத்தையும் அதற்கான பயிற்சியையும் விலக்கும் இன்சூரன்ஸ் பாலிசிகள் நிறைய, சொந்த நிலத்திலும் சத்தத்துக்கு விதி இருக்கலாம். இரண்டையும் கலவை கொட்டும் முன் விசாரித்துவிடுங்கள்.

கலவை கொட்டும் முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஸ்டேஜ் கதிர்கள் வரும் இடத்தில் தளத்துக்கு அடியில், சரளைக்குள், குறுக்காக ஒரு 25 மி.மீ. பி.வி.சி. குழாய், ட்ரீ நிற்கும் இடம்வரை இன்னொன்று. உள்ளே இழுவைக் கம்பி ஒன்றை விட்டு, இரு வாயையும் அடைத்துவிடுங்கள். சென்சாரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், குழாயைப் பிறகு போட முடியாது. குழாய் வாய் எங்கே இருக்கிறது என்பதை ஓரக்கல்லில் பெயிண்டால் குறித்து வையுங்கள்.